பழைய ஸ்நேர் டிரம்முக்குப் புது முலாம் பூசலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் எங்கள் ஆலயப் பாடற்குழுவுக்கு டிரம் வாசிக்கிறேன். கலைந்துபோன மெல்லிசைக் குழு ஒன்றின் பழைய லட்விக் ஸ்நேர் டிரம்மை மதுரைத் தரகர் ஒருவர் 35,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். 1960களில் செய்த பித்தளை டிரம் என்கிறார். உடலில் குரோம் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கிறது. அடித்தோலோடு ஒட்டி அதிரும் கீழ்க்கம்பியும் சரியாகப் பேசவில்லை. மேலும் 6,000 கொடுத்தால் முலாம் பூசிப் புதிதுபோல ஆக்கித் தருவாராம். வாங்கலாமா?

பதில்: முலாம் வேண்டவே வேண்டாம். டிரம்மை வாங்குவதா, விடுவதா என்பதை, தரகர் உங்களை ஒரே ஒரு லக்கை (தோலை முறுக்கும் போல்ட்டைத் தாங்க உடலில் பொருத்திய பிடியை) கழற்றிப் பார்க்க அனுமதிக்கிறாரா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பொரிந்த குரோமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. சிகாகோவின் லட்விக் நிறுவனம் தன் புகழ்பெற்ற சுப்ராஃபோனிக் டிரம்மை முதலில் பித்தளையில் செய்தது. 1963 வாக்கில் அலுமினியக் கலவைக்கு மாறி, அதற்கு ‘லுடலாய்’ என்று பெயரும் வைத்தது. பித்தளையைப் பிடித்துக்கொள்வதுபோலக் குரோம் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. வியர்வையும் ஈரமும் உள்ளே இறங்கினால் அடியில் வெண்பொடி பூத்து, மேலே உள்ள முலாம் கொப்புளித்து உதிரும். ஆகவே உங்களுக்குக் காட்டப்பட்டது பெரும்பாலும் அலுமினிய டிரம்தான். அதனால் அது மட்டம் என்று எண்ண வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடங்கள் பெரிதும் விரும்பியது அந்த அலுமினிய டிரம்மையே. ஆனால் அரிதான பித்தளைக்குரிய விலையை அலுமினியத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கேதான் தரகர்களின் காந்த வித்தை அரங்கேறுகிறது. காந்தத்தை உடலில் வைத்துக் காட்டி, ‘ஒட்டவில்லை பாருங்கள், ஆகவே பித்தளை’ என்பார்கள். காந்தம் அலுமினியத்திலும் ஒட்டாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரு லக்கின் திருகை உட்புறமிருந்து கழற்றி, துளையின் விளிம்பை டார்ச் ஒளியில் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெளிறிய சாம்பல் நிறமாக இருந்தால் அலுமினியம். பேட்ஜை (உடலில் உள்ள நிறுவனப் பெயர்த் தகட்டை) நம்பி விலை பேசாதீர்கள். மீரட்டின் ஜாலி கோட்டியில் பேண்டு வாத்தியங்கள் செய்கிறவர்கள் நேர்மையாகத் தங்கள் சரக்கை விற்கிறார்கள். இடையில் கைமாற்றுகிறவர்கள்தான் அதன்மேல் வேறு பேட்ஜை ஒட்டிவிடுகிறார்கள். சுப்ராஃபோனிக் என்றால் 14 அங்குல விட்டமும், பத்து லக்குகளும், உடலின் நடுவில் சுற்றிவரும் ஒரு புடைப்பும் இருக்க வேண்டும். பேட்ஜில் உள்ள எண்ணை வைத்து ஆண்டைத் துல்லியமாகச் சொல்வதாகக் கூறுகிறவரிடம் எச்சரிக்கை தேவை. அந்த எண்கள் வரிசையாக ஒட்டப்பட்டவை அல்ல.

முலாம் ஏன் கூடாது என்றால், இரு சக்கர வாகனங்களின் இரும்புப் பாகங்களுக்குப் பழகிய பட்டறையில் பழைய குரோமை நீக்க அமிலத்தில் முக்குவார்கள். அந்த அமிலம் அலுமினியத்தையே தின்னும். பஃபிங் சக்கரத்தில் ஏற்றினால் மெல்லிய உடல் இன்னும் மெலியும். பளபளப்போடு திரும்பி வரும் டிரம்மில் ஒலி மாறியிருக்கும்; மறுவிற்பனை மதிப்பும் போயிருக்கும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான்: தோலை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ரிம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. காந்தம் ஒட்டும் இரும்பு ரிம்மாக இருக்க வேண்டும். துரு அரித்துக் கையையோ குச்சியையோ கிழிக்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். வெறும் மேல்துரு என்றால், சமையலறை அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். அவ்வளவும் செய்து பார்த்துப் பலிக்காவிட்டால் ரிம்மை மட்டும் தனியாகக் கொடுங்கள். முழு டிரம்மையும் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கீழ் ரிம்மில் கம்பியின் பட்டை நுழைய இரண்டு வெட்டுகள் இருக்கும். அந்த ரிம் தொலைந்தால் உள்ளூரில் மாற்று கிடைப்பது கடினம்.

கம்பி பேசாததற்கு முக்கால்வாசிக் காரணம் அடித்தோல்தான். நம் ஊரில் மேலே போடும் தடித்த தோலையே கீழும் மாட்டிவிடுகிறார்கள். மேல்தோல் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன் என்றால், அடித்தோல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது; கண்ணாடித் தாள்போல இருக்கும். கடையில் ‘ஸ்நேர் சைடு தோல்’ என்று கேட்டு வாங்குங்கள். கூடவே இருபது இழைக் கம்பி ஒன்றையும் வாங்கினால், தரகர் கேட்ட 6,000 ரூபாய் வேலை அநேகமாக அதிலேயே முடிந்துவிடும். புதுத் தோலை மாட்டும்போது எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடலின் அடிவிளிம்பைத் தட்டையான கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், கம்பியின் இரு முனைகளும் வரும் இடங்களில் மெல்லிய இடைவெளி தெரியும். கம்பி தோலோடு படிந்து கிடப்பதற்காகவே வேண்டுமென்று அமைத்த பள்ளம் அது. அதைக் ‘கோணல்’ என்று கருதி லேத்தில் சமன் செய்துவிட்டால், பிறகு எந்தக் கம்பி போட்டாலும் பேசாது.

பேரம் படியாவிட்டால் ‘லண்டனிலிருந்து வரவழைத்துத் தருகிறேன்’ என்று அடுத்த அஸ்திரம் வரும். பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய அனுமதி பெற வேண்டும் என்பது விதி. ஆலைக்குப் பழைய இயந்திரம் கொண்டுவருகிறவருக்குப் பெரும்பாலும் அந்த அனுமதி தேவைப்படுவதில்லை; ஆலயத்துக்கு ஒரு டிரம் கேட்கிறவருக்குத்தான் தேவைப்படுகிறது. முன்பணம் தந்தவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இங்கேயோ பள்ளிகளின் பேண்டு அறைகளில் நல்ல டிரம்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பழுது பார்க்கவும் நிதியில்லை, ஏலம் விடவும் கோப்பு நகர்வதில்லை.

ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வந்தபின் டிரம்மைப் பரணில் ஏற்றிய மெல்லிசைக் கலைஞர்கள் மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிறார்கள். உங்கள் தரகர் சொல்லும் குழுவில் வாசித்தவரையே தேடிப் பிடித்துப் பேசுங்கள். என்ன விலைக்கு அந்த டிரம் தரகரின் கைக்குப் போனது என்பது அவருக்குத் தெரியும். கழன்று விழுந்த அசல் திருகுகளும், கம்பியை இறுக்கித் தளர்த்தும் லிவரும் இன்னும் அவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கக்கூடும்.