தப்பு முடிவு கொடுக்கும் ரெஃப்ரிக்குத் தண்டனையே கிடையாதா?

கேள்வி இதுதான்: கோல் கீப்பர் பந்தைக் கோட்டை விட்டால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள், நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் கோச்சுக்கு வேலை போகிறது, கால்பந்து ரெஃப்ரி மட்டும் எவ்வளவு பெரிய தப்பு செய்தாலும் அடுத்த வாரம் விசிலோடு வந்து நிற்கிறாரே, அவரை யாரும் கேட்க மாட்டார்களா?

கேட்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியும்படி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

2023 பிப்ரவரியில் ஆர்சனல் – பிரெண்ட்ஃபோர்டு ஆட்டம். பிரெண்ட்ஃபோர்டுக்காக ஐவன் டோனி போட்ட கோலுக்கு முன்னால் ஒருவர் ஆஃப்சைடில் இருந்தார், அதாவது பந்து உதைக்கப்படும்போதே எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றார். அதைச் சரிபார்க்கத் திரையில் கோடு போட வேண்டிய வீடியோ ரெஃப்ரி லீ மேசன் கோடே போடவில்லை. ஆட்டம் 1-1, ஆர்சனலுக்கு இரண்டு புள்ளி போச்சு. அதே மாதம் மேசன் ரெஃப்ரிகள் அமைப்பை விட்டே வெளியேறினார். இவ்வளவு தூரம் போகாத தப்புகளுக்கு அடுத்த வாரம் கீழ் டிவிஷனில் ஓர் ஆட்டம், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே போர்டைத் தூக்கிக்கொண்டு நாலாவது ரெஃப்ரி வேலை. 2002 உலகக் கோப்பையில் இத்தாலி – கொரியா ஆட்டத்தை நடத்தி இத்தாலிக்காரர்களின் சாபத்தை மொத்தமாக வாங்கிக்கொண்ட ரெஃப்ரி பைரன் மொரேனோவை அவருடைய ஈக்வடாரிலேயே சில மாதங்களில் 20 ஆட்டங்களுக்குத் தடை செய்தார்கள். அந்த ஆட்டத்துக்காக இல்லை, உள்ளூர் லீக்கில் போர்டில் காட்டியதைவிடப் பல நிமிடங்கள் கூடுதலாக ஆட்டத்தை இழுத்ததற்காக.

ஆனால் ரெஃப்ரிக்கு என்ன நடந்தாலும் ஸ்கோர் மாறாது. கோல் விழுந்ததா இல்லையா என்பது உள்பட, ஆட்டத்தில் நடந்த விஷயங்களைப் பற்றி ரெஃப்ரி எடுக்கும் முடிவே கடைசி முடிவு என்கிறது கால்பந்தின் 5-வது விதி. விதிப்படி அவர் எடுத்த முடிவால் ஒரு கிளப்புக்கோ கம்பெனிக்கோ நஷ்டம் வந்தால் அதற்கும் அவர் பொறுப்பாக மாட்டார் என்று அதே விதியில் இருக்கிறது. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோர்ட்டில்தான் லீக் நடக்கும், அதனால் இதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் வேறொன்றோடு: என்ன பார்த்தார், ஏன் அப்படி முடிவு செய்தார் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் போகிறார்களே, அதோடு. தண்டனை கொடுத்தால் பழிவாங்கிய திருப்தி வரலாம். ரசிகனுக்கு முதலில் வேண்டியது பதில்.

இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம் 2023 செப்டம்பர் 30 அன்று நடந்த டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டம். 0-0 என்று இருக்கும்போது சலாவிடமிருந்து பந்தை வாங்கி லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போடுகிறார், லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்குகிறார். வீடியோ அறையில் டேரன் இங்கிலாந்து என்பவர் (ஆமாம், பெயரே அதுதான்) கோடு போட்டுப் பார்க்கிறார், டியாஸ் ஆன்சைடு. அதுவரை எல்லாம் சரி. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் மைதான முடிவு சரி என்கிற அர்த்தத்தில் "செக் கம்ப்ளீட்" என்று சொல்லிவிடுகிறார். மைதானத்தில் இருப்பவர்களோ ஆஃப்சைடு உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஃப்ரீ கிக்கை எடுக்க விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ரீப்ளே போடும் ஆள்தான் சந்தேகப்பட்டு, மைதானத்தில் ஆஃப்சைடு அல்லவா கொடுத்தார்கள், உங்களுக்கு இது சரிதானா என்று கேட்கிறார். அறையில் ஒரே பதற்றம். ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று ஒருவர் சொல்கிறார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய முடிவுக்குத் திரும்ப முடியாது என்று நெறிமுறை இருக்கிறது, அதனால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் இங்கிலாந்து. கடைசியில் லிவர்பூல் ஒன்பது பேரோடு ஆடி, கூடுதல் நிமிடங்களில் தன் ஆள் மாட்டிப்பே தன் வலைக்குள் பந்தை அடித்துவிட்டதால் 2-1 என்று தோற்றது.

இது எல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? மூன்றே நாளில் அந்த அறையின் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். அதைக் கேட்கும் வரை சதி, காசு, லிவர்பூல் மேல் வன்மம் என்று என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட பிறகும் கோபம் போகவில்லைதான், லிவர்பூல் கோச் க்ளோப் ஆட்டத்தைத் திரும்ப நடத்தச் சொன்னார், ஆனால் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. மைதானத்தில் என்ன முடிவு கொடுத்தார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்யாமல் அவசரமாகப் பேசுகிறார்கள் என்பதுதான் கோளாறு. அந்த ஓட்டையை அடைக்கப் பேசும் முறையையே மாற்றினார்கள். டேரன் இங்கிலாந்தை மட்டும் வேலையை விட்டுத் தூக்கியிருந்தால் அடுத்தவர் வந்து அதே இடத்தில் அதே தப்பைச் செய்திருப்பார்.

லைன்ஸ்மேன் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியா லீக்கில் ஆள் வராத நாட்களில் நான் கொடி பிடித்திருக்கிறேன். டிவியில் பார்க்கிறவர்களுக்குப் புரியாத சங்கடம் என்னவென்றால், பந்தை உதைக்கும் காலும் கடைசி டிஃபெண்டரும் ஒரே பார்வையில் விழ மாட்டார்கள். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி ஒருவர் உதைக்கிறார், நீ டிஃபெண்டரோடு ஒரே கோட்டில் பக்கவாட்டாக ஓடிக்கொண்டிருக்கிறாய், கண் டிஃபெண்டர் மேல், காது உதைக்கும் சத்தத்தின் மேல். அந்த நொடியில் ஸ்ட்ரைக்கர் கோலை நோக்கியும் டிஃபெண்டர் அதற்கு எதிர்த்திசையிலும் ஓடினால், கண்ணை இமைப்பதற்குள் இருவருக்கும் இடையே ஒரு மீட்டர் விழுந்துவிடும். சத்தம் போடுகிற கூட்டம் இருந்தால் காதும் போச்சு. இதை ஸ்லோ மோஷனில் நிறுத்தி வைத்துப் பார்த்து "குருடனுக்குக் கூடத் தெரியும்" என்று எழுதுகிறவரிடம் ஒரே ஒரு அரை மணி நேரம் கொடியைக் கொடுக்க ஆசை.

சரி, ரெஃப்ரிகளை நாம் நடத்தும் விதத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ரெஃப்ரிகளின் தலைவராக வந்து, மேலே சொன்ன மாதிரி ஒலிப்பதிவுகளை வெளியே கொண்டுவரத் தொடங்கியவர் ஹோவர்டு வெப். அவர் கதையைக் கேளுங்கள். யூரோ 2008, வியன்னா, ஆஸ்திரியா – போலந்து. கூடுதல் நிமிடத்தில் சட்டையைப் பிடித்து இழுத்ததற்காக ஆஸ்திரியாவுக்குப் பெனால்டி கொடுத்தார், 1-1 ஆனது. போலந்து பிரதமர் டொனால்டு டஸ்க், பிரதமர் என்ற முறையில் நிதானமாகத்தான் பேச வேண்டும், ஆனால் நேற்று ராத்திரி எனக்குக் கொலை செய்யலாம் போல இருந்தது என்கிற மாதிரி பேசினார். ஒரு நாட்டின் பிரதமரே இப்படிப் பேசினால் குடித்துவிட்டு கீபோர்டு முன் உட்கார்ந்திருக்கிறவன் என்ன எழுதுவான்? வெப்புக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இத்தனைக்கும் சட்டையை இழுத்தது உண்மை.

அதற்கு மூன்று வருடம் முன்னால் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க் இதே காரணத்தால் விசிலையே கீழே வைத்தார். யூரோ 2000 இறுதியாட்டத்தை நடத்தியவர். 2004-ல் ரோமில் கூட்டத்திலிருந்து வீசப்பட்ட பொருள் பட்டு நெற்றியில் ரத்தம் வழிய மைதானத்தை விட்டுப் போனவர். 2005 பிப்ரவரியில் பார்சிலோனா – செல்சீ ஆட்டத்தில் செல்சீயின் ட்ரோக்பாவுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். இடைவேளையில் பார்சிலோனா கோச் ரைகார்டு ரெஃப்ரியின் அறைக்குள் போனார் என்று செல்சீ கோச் மொரினியோ குற்றம் சாட்டினார், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அதை விசாரித்து மொரினியோவுக்குத்தான் இரண்டு ஆட்டத் தடை போட்டது. அதற்குள் ஃப்ரிஸ்கின் வீட்டுக்கு மிரட்டல்கள் வந்து குவிந்து, மார்ச்சில் அவர் ஓய்வு அறிவித்துவிட்டார். மொரினியோவின் தடை இரண்டு ஆட்டத்தில் முடிந்தது.

துருக்கியில் நடந்தது வார்த்தையோடு நிற்கவில்லை. 2023 டிசம்பர் 11, அங்காராகுச்சு – ரிஸெஸ்போர், 97-வது நிமிடத்தில் சமநிலை கோல். ஆட்டம் முடிந்ததும் அங்காராகுச்சு கிளப்பின் தலைவர் ஃபரூக் கோஜாவே மைதானத்துக்குள் வந்து ரெஃப்ரி ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார், கீழே விழுந்தவரை மற்றவர்கள் உதைத்தார்கள். நாட்டில் எல்லா லீக்கும் நிறுத்தப்பட்டது, கோஜாவுக்குக் கால்பந்தில் ஆயுள் தடை, பிறகு கோர்ட்டில் மூன்றரை வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை. கேலரியில் இருந்த ஏதோ ஒரு போதை ஆசாமி செய்ததில்லை இது.

வெளிப்படையாகப் பேசிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் ரெஃப்ரிகள் ஆட்டம் முடிந்ததும் கேமரா முன் வந்து பேசுவது சாதாரணம். 2023 ஏப்ரலில் போஹும் – டார்ட்மண்ட் ஆட்டத்தில் டார்ட்மண்டின் அடெயெமியைக் கீழே தள்ளியதற்குப் பெனால்டி கொடுக்காமல் விட்ட சாஷா ஸ்டெகெமன், என் தப்புதான் என்று பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். அவருக்கும் கொலை மிரட்டல் வந்தது. ஆட்டம் 1-1, சீசன் முடிவில் டார்ட்மண்டும் பயர்னும் ஒரே புள்ளியில் நின்று கோல் வித்தியாசத்தில் பயர்ன் கோப்பையைத் தூக்கிப் போனது, டார்ட்மண்ட் ரசிகன் இன்னும் அந்தப் பெனால்டியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான். ஆக, மிரட்டுகிறவனுக்குப் போலீஸ், கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் என்று இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். நம் ஆட்கள் இரண்டையும் சேர்த்து, ரெஃப்ரியைப் பாதுகாக்கிறோம் என்ற பெயரில் பதிலையும் பூட்டி வைக்கிறார்கள்.

நம் ஆட்கள் என்று சொன்னதும் பெங்களூரு ஆட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. 2023 மார்ச் 3, ஸ்ரீ கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக் அவுட், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்கள் கோலை மறைத்து வரிசையாக நின்று சுவர் வைத்துக்கொண்டிருக்கும்போதே பெங்களூருவின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை எடுத்துக் கோலாக்கிவிட்டார். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் கோச் இவான் வுகோமனோவிச் அணியையே வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். கிளப்புக்கு 4 கோடி. வெளிநடப்புக்குத் தண்டனை கொடுத்தது சரிதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் கோல் சரியா? எதிரணி தயாராகும் வரை காத்திருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை, வேகமாக எடுப்பது அடிபட்ட அணியின் உரிமை. ரெஃப்ரியே தூரத்தை அளந்து சுவரைத் தள்ளி நிறுத்தத் தொடங்கிவிட்டால்தான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆக மொத்த வழக்கும் அந்தச் சில வினாடிகளில் ரெஃப்ரிக்கும் சேத்ரிக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்பதில் நிற்கிறது. விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் முன்பே சொன்னேன் என்றார் சேத்ரி. பிளாஸ்டர்ஸ் அது விசிலுக்குக் காத்திருக்க வேண்டிய ஃப்ரீ கிக் என்றார்கள். எனக்கு சேத்ரி சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் அவர் முதலில் ஒருமுறை எடுக்கப் போனபோது பிளாஸ்டர்ஸின் லூனா வந்து பந்துக்கு முன்னால் நின்றார், வேகமாக எடுக்கப் போகிறார் என்று தெரியாமல் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். ஆனால் இது என் யூகம். கேரளா பக்கம் இருப்பவருக்கு வேறு யூகம் இருக்கும், அவரோடு விடிய விடிய சண்டை போடலாம். அன்று ராத்திரியே ரெஃப்ரி தரப்பிலிருந்து யாராவது வந்து, "ஆமாம், கேட்டார், நான் சரி என்றேன்" அல்லது "இல்லை, நான் சொல்லவே இல்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அதற்கு வி.ஏ.ஆர். என்கிற வீடியோ ரெஃப்ரி கூடத் தேவையில்லை.