இனநீதிப் போராட்டத்திலும் இருந்துகொண்டு ஆராய்ச்சியையும் உடம்பையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

நீங்கள் அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவர், அதுவும் விசாவில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூட்டம், அறிக்கை, இளைய மாணவர்களுக்கு ஆறுதல் எல்லாம் முடிந்து இரவு பதினொன்றுக்குத்தான் ஆய்வேட்டைத் திறக்க முடிகிறது, தூக்கமே போய்விட்டது என்கிறீர்கள். நானும் அப்படி ஒரு வருடம் இருந்தேன்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபோது நான் டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். டென்யூருக்கு, அதாவது நிரந்தரப் பணிக்கு, விண்ணப்பிக்க ஒன்றரை வருடம் இருந்தது. ஜூன் 10 அன்று நாடு முழுக்க அறிவியல் துறையினர் பலர் இனவெறியை எதிர்த்து ஒருநாள் ஆய்வை நிறுத்தினார்கள், நாங்களும் நிறுத்தினோம். அடுத்த வாரமே துறையில் உள்ள இனப் பாகுபாட்டைப் பார்க்கத் துறைத்தலைவர் ஒரு கமிட்டி போட்டார். அதில் நான்கு பேர். எங்கள் துறையில் வெள்ளையர் அல்லாத ஆசிரியர்களே மொத்தம் நான்கு பேர்தான்.

மாணவர்களிடம் அவர்களுடைய அனுபவங்களை எழுதித் தரச் சொன்னோம். வந்த கடிதங்களைப் படித்துத் தொகுப்பது என் பொறுப்பு. ஒரு கறுப்பின மாணவரை அவருடைய ஆய்வக வாசலிலேயே காவலர் இரண்டு முறை நிறுத்தி அடையாள அட்டை கேட்டிருக்கிறார். இரண்டாவது முறை அவருடைய நெறியாளர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் போடாத கடிதம்தான். ஆனால் அந்த நெறியாளர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரோடு நான் பல நாள் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டு கிடப்பேன். அக்டோபரில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒருநாள் வகுப்பில், வருடக்கணக்காக நடத்துகிற பாடத்தில், அடுத்த சொல் வரவில்லை. திரையில் மாணவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகம் எங்களுக்குச் செய்தது ஒரு தியானச் செயலிக்கு இணைப்பு அனுப்பியதுதான். தியானத்தைக் குறை சொல்லவில்லை, பலன் கிடைப்பவர்கள் செய்யட்டும். எனக்கு இருந்தது மூச்சுப் பிரச்சினை இல்லை, வேலைப் பிரச்சினை.

அதை எனக்குப் புரியவைத்தவர் வேறு துறையில் இருந்த மூத்த கறுப்பினப் பேராசிரியை. "இதற்கு வாரம் எத்தனை மணி நேரம் போகிறது, எழுதி வைத்திருக்கிறாயா?" என்றுதான் முதலில் கேட்டார். சிறுபான்மை ஆசிரியர்கள் தலையில் மட்டும் விழுகிற இந்தக் கூடுதல் சுமைக்கு அமாடோ பாடில்லா என்ற பேராசிரியர் 1994லேயே 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்ததையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். பெயர் தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. என் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு கணக்கு இருந்தது.

அப்புறம் கடிதங்களை இரவில் தனியாகப் படிப்பதை நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, கமிட்டியில் இன்னொருவரோடு சேர்ந்து மட்டும்தான். முடிந்ததும் இருவரும் வெளியே நடப்போம். மணிக்கணக்கை எழுதி வைத்தேன். அந்த செமஸ்டரில் 130 மணி நேரம் வந்தது. அதைக் கொண்டுபோய்த் துறைத்தலைவர் மேஜையில் வைத்தேன். உடனே நடக்கவில்லை, மூன்று முறை போக வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பாடத்தைக் குறைத்தார்கள். டென்யூர் பெற்ற வெள்ளையப் பேராசிரியர்கள் இரண்டு பேரும் கமிட்டிக்குள் வந்தார்கள்.

நீதிக்காக நிற்பவன் மணிக்கணக்கு பார்ப்பானா என்று கேட்பார்கள். ஹார்வர்டு சட்டப்பள்ளியில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பேராசிரியராக எடுக்கும்வரை சம்பளம் வேண்டாம் என்று 1990இல் விடுப்பில் போன அங்கிருந்த கறுப்பினப் பேராசிரியர் டெரிக் பெல்லை எடுத்துக்காட்டுவார்கள். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் டென்யூர் பெற்று ஏறக்குறைய இருபது வருடம் ஆன ஒருவர் எடுத்த முடிவு அது. அவரும் அதற்கு வேலையையே விலையாகக் கொடுத்தார். ஒரு மாணவரிடம் அதை எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. 2025இல் வெளிநாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கானோரின் விசா ரத்தானதைப் பார்த்தோம். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள். அது கோழைத்தனம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் களைப்பும் கறுப்பினச் சக ஊழியர்களின் களைப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நான் கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம், அவர்களுக்கு வீட்டுக்குப் போகிற வழியிலும் அது தொடர்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் என்னை அதிகம் சோர்வடைய வைத்தது நம்மவர்கள்தான். "கறுப்பர்கள் பிரச்சினையில் உனக்கென்ன வேலை?" என்று விருந்துகளில் கேட்டார்கள். 1923இல், அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பளித்த நாடு இது. சிவில் உரிமைப் போராட்டம் நடந்த அதே காலத்தில், 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியதால்தான் நாம் இவ்வளவு பேர் வர முடிந்தது. அடுத்தவர் சிந்திய ரத்தத்தில் திறந்த கதவு வழியாக வந்துவிட்டு இப்படிக் கேட்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

டெக்சஸில் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பாகுபாட்டைக் குறைக்க வைத்திருந்த பன்முகத்தன்மை அலுவலகங்களுக்குச் சட்டப்படி தடை. எங்கள் கமிட்டியும் போனது. வகுப்பறைப் பாடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதால் அந்த வேலையை என் ஆய்வுக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நடை இன்னும் தொடர்கிறது.

நீங்கள் எந்த வருடத்தில் இருக்கிறீர்கள், உங்கள் நெறியாளருக்கு இதெல்லாம் தெரியுமா என்று எழுதுங்கள். மணிக்கணக்கை அவரிடம் எப்படி எடுத்துப்போவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.