யார் வீட்டில் கிரீடம்?

கடிதம்:

வணக்கம். இரண்டு வருடமாக மாசச்சூசெட்ஸில், ஃபால் ரிவரில் இருக்கிறேன். கீழ்வீட்டுப் பாட்டி அசோர்ஸ் தீவுக்காரர். எந்த ஊர் என்றால் ‘சாவ் மிகேல்’ என்று தன் தீவின் பெயரைச் சொல்வார், போர்ச்சுகல் என்று வாயில் வராது. இங்கேயே பிறந்த பேரனோ ‘நான் போர்ச்சுகீஸ்’ என்கிறான். அவனுக்கு அந்த மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம். போன மாதம் ஒரு பாத்திரம் நிறைய சூப் கொடுத்தார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். இவர்களில் யார் நிஜமான போர்ச்சுகீஸ்? என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

காசைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது. அது பரிசுத்த ஆவித் திருவிழாச் சூப். விற்கக் கூடாதது.

பாட்டி சொல்வது சரிதான். அசோர்ஸ் போர்ச்சுகலைச் சேர்ந்த ஒன்பது தீவுகள், தலைநகர் லிஸ்பனிலிருந்து சுமார் 1,500 கி.மீ. கடல் தள்ளி. 19ஆம் நூற்றாண்டில் உங்கள் பக்கத்து ஊர் நியூ பெட்ஃபோர்டின் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் அங்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போயின. அப்புறம் பஞ்சாலை வேலை. 1957இல் ஃபயால் தீவோரம் எரிமலை வெடித்து வீடும் வயலும் சாம்பலில் புதைய, மறுவருடமே அமெரிக்கா அவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் அப்போது செனட்டராக இருந்த கென்னடி. வந்தவர்களுக்கு நாடு காகிதத்தில் இருந்தது. ஊர் என்றால் தீவுதான். பேரனுக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒற்றைச் சொல் தேவைப்பட்டிருக்கும்.

காகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையாக வந்து, குடியுரிமை வாங்காமலே வளர்ந்து, ஏதோ வழக்கில் தண்டனை பெற்றவர்கள் பலர் அமெரிக்காவின் 1996 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அசோர்ஸுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். போர்ச்சுகீஸ் சரியாகப் பேச வராதவர்களும் அதில் உண்டு. பாஸ்போர்ட்படி அவர்கள் அசல் போர்ச்சுகீஸ். ஆனால் சம்பாதித்துத் திரும்புகிறவர்களையே ‘கலஃபோனா’ என்று கிண்டல் செய்கிற தீவு அது (கலிஃபோர்னியா மருவி வந்த சொல்). கைதியாக வந்து இறங்குகிறவனை எப்படிப் பார்த்திருக்கும்!

எனக்கு மொழியையும் பாஸ்போர்ட்டையும் விட அந்தச் சூப்தான் முக்கியமாகப் படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் இசபெல் ராணி தன் கிரீடத்தை ஓர் ஏழையின் தலையில் வைத்தாள் என்பது அந்தத் திருவிழாவின் கதை. ஈஸ்டருக்குப் பிறகு ஏழு வாரம், வாரத்துக்கு ஒரு வீடு என்று, உச்சியில் புறா வைத்த வெள்ளிக் கிரீடம் வந்து தங்கும். பூவும் மெழுகுவத்தியும் வைத்துப் பீடம் ஜோடித்து, ராத்திரி அக்கம்பக்கத்தார் கூடி ஜெபமாலை சொல்வார்கள். முடிவில் ஊருக்கே சாப்பாடு: மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வெந்த சாறு, ரொட்டித் துண்டு மேல் ஊற்றி ஒரு கொத்துப் புதினா. வந்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊர் மண்டகப்படி மாதிரிதான். ஒரு வித்தியாசம்: நம்முடையது பெரும்பாலும் பரம்பரை உரிமை, யார் முதலில் என்று கோர்ட் வரை போவோம். அவர்கள் பல ஊர்களில் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். சீட்டு விழுந்தால் மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர் தலையிலும் பாதிரியார் கிரீடம் வைப்பார். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஆகவே பேரனைச் சந்தேகப்படாதீர்கள். திருவிழா அன்று அண்டா தூக்க வருகிறானா என்று மட்டும் பாருங்கள். வந்தால் அவன் சொல்வதும் சரிதான், மொழி இல்லாவிட்டாலும். வராமல் சட்டையில் மட்டும் கொடி குத்திக்கொண்டு திரிந்தால் பாட்டியே ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பாயசம் மட்டும் வேண்டாம். அவர்களும் பட்டைத்தூள் தூவி அரிசிப் பாயசம் வைப்பவர்கள், குறை கண்டுபிடித்துவிடுவார்கள்.