வாசகர் சட்டக் கேள்விகள்: கூட்டத்துக்குப் போன இடத்தில் அடிபட்டால்

கேள்வி: இசை நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளர்களுக்காகப் போடப்பட்டிருந்த தற்காலிகக் கேலரியின் பலகை பெயர்ந்ததில் கீழே விழுந்து, என் வலது கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அமைப்பாளரைக் கேட்டால், கேலரி போட்ட ஒப்பந்தக்காரரைப் பாருங்கள் என்கிறார். ஒப்பந்தக்காரரோ, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியது அமைப்பாளரின் தவறு என்கிறார். டிக்கெட்டின் பின்புறத்தில் 'எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று வேறு அச்சிடப்பட்டிருக்கிறது. நான் யார் மீது வழக்குத் தொடர்வது?

பதில்: இருவர் மீதும் தொடருங்கள். அவர்களுக்குள் யார் எவ்வளவு கொடுப்பது என்பது அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. பலருடைய கவனக்குறைவு சேர்ந்து ஒரே காயத்தை உண்டாக்கியிருந்தால், முழு இழப்பீட்டையும் அவர்களில் எவரிடமிருந்தும் கோரலாம் என்பதே ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் பொதுவாக நிலவும் விதி.

அமைப்பாளர் சொல்லும் சாக்கு புதியதல்ல. 2006 ஏப்ரல் 10 அன்று மீரட் நகரின் விக்டோரியா பூங்காவில் நடந்த நுகர்பொருள் கண்காட்சியில் தீப்பிடித்து 65 பேர் இறந்தபோதும், பந்தலும் மின்வசதியும் செய்த ஒப்பந்தக்காரர்தான் பொறுப்பு என்று அமைப்பாளர்கள் வாதிட்டார்கள். 2022-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மக்களை அங்கே அழைத்தவர்கள் அமைப்பாளர்கள். ஒப்பந்தக்காரர் பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்கு, அவர்கள் பதில் சொல்ல வேண்டியது வந்தவர்களுக்கு என்ற அடிப்படையில், பொறுப்பில் 60 விழுக்காட்டை அமைப்பாளர்கள் மீதும் 40 விழுக்காட்டை மாநில அரசு மீதும் சுமத்தியது. இத்தகைய வழக்குகளில் முதலில் எழும் கேள்வி, அந்த இடம் அன்றைக்கு யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதுதான். உள்ளே எத்தனை பேரை விடுவது, எந்தக் கதவைத் திறப்பது, எந்தக் கேலரியில் யாரை ஏற்றுவது என்று தீர்மானித்தவர், அதன் விளைவிலிருந்து எளிதில் விலகிக்கொள்ள முடியாது.

டிக்கெட்டின் பின்புற வாசகத்தைக் கண்டு பயந்து, இழப்பீடு கேட்காமலே இருந்துவிடுபவர்கள் ஏராளம். அந்த வாசகம் அச்சிடப்படுவதன் நோக்கமே பெரும்பாலும் அதுதான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் வணிக நிறுவனம் ஒன்று தன் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ளவே முடியாது; 1977-ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் கொண்டுவந்த இந்தத் தடை, நுகர்வோரைப் பொறுத்தவரை இப்போது 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தில் இருக்கிறது; சிங்கப்பூரில் அந்த 1977 சட்டமே நடைமுறையில் உள்ளது. இப்படி நேரடித் தடை இல்லாத நாடுகளிலும், அந்த நிபந்தனை ஒப்பந்தம் ஏற்படுவதற்கு முன்பே உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதா என்று நீதிமன்றம் கேட்கும். தானியங்கி இயந்திரம் டிக்கெட் கொடுத்த வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ஒருவர் காயமடைந்த வழக்கில், பணம் கட்ட ஒப்புக்கொண்டு உள்ளே நுழைந்தவரை அதற்குப் பிறகு கைக்கு வரும் சீட்டிலுள்ள நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தது.

உங்களுக்குப் பெரிய சிக்கல் வரப்போவது சட்டத்தில் அல்ல, சாட்சியத்தில். தற்காலிகக் கேலரியை மறுநாள் காலையிலேயே கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். பெயர்ந்த பலகையையும் அதைப் பிடித்திருந்த போல்ட்டையும், போல்ட் இல்லாவிட்டால் அது இருந்திருக்க வேண்டிய வெற்றுத் துளையையும் அன்றிரவே யாராவது அலைபேசியில் படம் எடுத்திருந்தால், அந்த ஒரு படம் பத்து சாட்சிகளுக்குச் சமம். அருகில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் உங்கள் காயத்துக்கான காரணமாக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அழைத்துச் சென்றவர் பதற்றத்தில் 'தவறி விழுந்துவிட்டார்' என்று சொல்லியிருந்தால் அப்படியே எழுதியிருப்பார்கள்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான். அதைத் திருத்தக் கோரி இப்போதே எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். கண்காணிப்பு கேமராப் பதிவுகள், கேலரியின் உறுதிச் சான்றிதழ், ஒப்பந்தப் பத்திரம், பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கும்படி அமைப்பாளருக்கு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குப் பிறகு பதிவு காணாமல் போனால், அது அவர்களுக்கே பாதகமாக முடியலாம்.

கேள்வி: விளையாட்டரங்கில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பந்து வந்து தாக்கியதில் என் மகனின் பல் உடைந்தது. 'பார்க்க வந்தால் இதெல்லாம் நடக்கும்' என்கிறது அரங்க நிர்வாகம். இது சரியா?

பதில்: வருத்தமாக இருந்தாலும், பல நேரங்களில் சரி. ஆட்டத்தோடு ஒட்டிப் பிறந்த அபாயத்தைப் பார்வையாளர் ஏற்றுக்கொண்டே வருகிறார் என்பது பழைய கோட்பாடு. பனித்தரை ஹாக்கி பார்க்க வந்த 6 வயதுச் சிறுவனின் கண்ணை, பந்துக்குப் பதிலாக அந்த ஆட்டத்தில் அடிக்கப்படும் தட்டு தாக்கியதற்காக இங்கிலாந்தில் தொடரப்பட்ட வழக்கு 1951-இல் தோற்றது. ஆனால் அந்த அரங்கில் வழக்கமாக வேண்டிய தடுப்புகள் இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உங்கள் மகன் அமர்ந்திருந்த பகுதியில் இருந்திருக்க வேண்டிய வலை கிழிந்திருந்ததா, அல்லது வேறு அரங்குகளில் வலை கட்டும் இடத்தில் இங்கே கட்டாமல் விட்டிருந்தார்களா? அப்படியானால் அது ஆட்டத்தின் அபாயமல்ல, நிர்வாகத்தின் குறை. இரண்டும் இல்லையென்றால் வழக்குச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: டிக்கெட் இல்லாத பொதுக்கூட்டத்தில் நெரிசலில் சிக்கி என் தந்தைக்கு விலா எலும்புகள் முறிந்தன. அரசு அறிவித்த நிவாரணத் தொகையைப் பெற்றுக்கொண்டோம். அமைப்பாளர்களும் ஒரு தொகை தருவதாகச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இனி வழக்குப் போட முடியுமா? காவல் துறையையும் சேர்க்கலாமா?

பதில்: அரசு தானாக முன்வந்து தருவது கருணைத் தொகை. யாருடைய பொறுப்பையும் தீர்மானிக்காமல் தரப்படுவது அது. அதை வாங்கியதால் மட்டும் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. அதிகம் போனால், பின்னர் தீர்மானிக்கப்படும் தொகையில் அது கழிக்கப்படலாம். அமைப்பாளர் நீட்டும் தாள் வேறு வகை. 'முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி அதில் இருந்தால், உங்கள் தந்தை முழுமையாகக் குணமாகி, மருத்துவர் எழுத்தில் சொல்லும்வரை கையெழுத்திட வேண்டாம். மருத்துவமனைக் கட்டிலுக்கே அந்தத் தாள் வந்து சேர்வது தற்செயலல்ல.

டிக்கெட் இல்லாததும் தடையல்ல. அழைக்கப்பட்டோ அனுமதிக்கப்பட்டோ வந்த எவரிடமும் நியாயமான கவனம் காட்ட வேண்டும் என்பதே விதி. கட்டணம் செலுத்தாததால் நுகர்வோர் ஆணையத்தின் வழி மட்டும் பெரும்பாலும் அடைபடும். காவல் துறையைச் சேர்ப்பதில் நிதானம் வேண்டும். 1997-இல் டெல்லி உபஹார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் இறந்த வழக்கில், 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் திரையரங்க உரிமையாளர் மீது 85 விழுக்காடும் மின்வாரியத்தின் மீது 15 விழுக்காடும் பொறுப்பு வைத்தது. உரிமம் வழங்கிய காவல் அதிகாரியையும் மாநகராட்சியையும் விடுவித்தது. அனுமதி கொடுத்தார்கள் என்பது மட்டும் போதாது. அதிகாரிகள் அந்த இடத்திலேயே இருந்து, குறிப்பிட்ட கடமையைச் செய்யத் தவறினார்கள் என்று காட்டுவதற்கு ஆதாரம் இருந்தால் சேருங்கள்.

கேள்வி: இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எவ்வளவு காலத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும்?

பதில்: மருத்துவச் செலவு, படுத்திருந்த காலத்தின் வருமான இழப்பு, இனி வரப்போகும் சிகிச்சை, எதிர்கால வருமானத்தில் ஏற்படும் குறைவு, வலியும் வேதனையும், முன்புபோல வாழ முடியாத இழப்பு எனத் தனித்தனித் தலைப்புகளில் கணக்கிடுகிறார்கள். பலர் இடறுவது ஊனச் சான்றிதழில். சான்றிதழில் உள்ள விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் விளக்கியது. ஒரு கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடும். அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். ஆகவே சான்றிதழோடு, அன்றாடம் நீங்கள் செய்துவந்த வேலை என்ன என்பதற்கும் ஆதாரம் வையுங்கள். தடுப்புக் கம்பியின் மேல் ஏறி நின்றது போன்ற உங்கள் தவறும் காரணமாக இருந்தால், அதற்கேற்ற பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

கால வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் உடற்காய வழக்குகளுக்கு 3 ஆண்டுகள். இலங்கையில் 2 ஆண்டுகள். மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டுகள் என்றாலும் அரசு அமைப்புகள் மீது 3 ஆண்டுகள்தான். இந்தியாவில் உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள், நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகள். இந்தியாவிலும் இங்கிலாந்திலும், காயமடைந்தவர் சிறாராக இருந்தால் 18 வயது நிறைந்த பிறகே கணக்குத் தொடங்கும். அமைப்பாளருடன் நடக்கும் சமரசப் பேச்சு மட்டும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது; ஆகவே பேச்சு எந்த நிலையில் இருந்தாலும், கடைசி நாளுக்கு முன் மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.