பாட்டுப் போட்டித் தேர்வுகளில் மோசமாகப் பாடுகிறவர்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். இது வக்கிர புத்தியா?

வக்கிர புத்தி என்றால் எங்கள் வீட்டில் அது பரம்பரையாக இருக்கிறது. எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா சங்கீத ரீச்சர்.

உங்களைப் பற்றிக் கேள்வியில் அதிகம் சொல்லவில்லை, இருந்தாலும் ஊகிக்கலாம். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு இயர்போனைச் செருகிக்கொண்டு யூடியூபில் ஒன்றைத் தொடங்குவீர்கள். அது அடுத்ததைக் காட்டும். மணி ஒன்றாகிவிடும். அந்த நிகழ்ச்சியில் கடைசியில் யார் வென்றார் என்று கேட்டால் தெரியாது, ஏனென்றால் தேர்வுச் சுற்று முடிந்ததும் நீங்கள் கழன்றுவிடுவீர்கள். விடிந்தபின் "சீ, பாவம் அந்த மனிசன்" என்று ஒரு உறுத்தல். சரிதானே? நாங்கள் விறாந்தைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அயல் சனத்துக்குக் கேட்கும்படியாகச் சிரிக்கிற ஆட்கள். அதனால் அந்த உறுத்தல் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சிரிப்பு பற்றி நிறையச் சொல்லலாம்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து இணுவில். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர் என்றால் இசை தெரிந்தவர்களுக்கு விளங்கும். திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை வடிவாகப் பிடித்தால் கச்சான் விற்கிறவரும் தலையை ஆட்டுவார். அங்கே பிறந்து, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாக எழுதி, கலாவித்தகர் பட்டத்தோடு பள்ளிக்கூடம் போன அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளும், காற்றுப் போகிற ஒரு சுருதிப்பெட்டியும். அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குச் சங்கீதத்தில் நாட்டம் இல்லை. சித்திரம் வராது, நடனம் வெட்கம், அதனால் சங்கீதம் எடுத்தவர்கள்.

சங்கீத ரீச்சர் சிரிக்கக் கூடாது. ஒரு பிள்ளை 'ஸ' என்று தொடங்கி எங்கேயோ போய் நிற்கும்போது ரீச்சரின் வாய் ஒரு பக்கம் கோணினால் போதும், அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் வாய் திறக்காது. சாதாரண தரச் செய்முறைப் பரீட்சைக்குப் பரீட்சகராகப் போகிற நாட்கள் இன்னும் கஷ்டம். காலையிலிருந்து வரிசையாகப் பிள்ளைகள் வரும், பயத்தில் தொண்டை காய்ந்து, கை வேறு தாளம் வாய் வேறு தாளம் போடும். அம்மா பின்னேரம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பார். "எப்பிடியம்மா பாடினவை?" என்று கேட்டால், "பிள்ளையளின்ர பரீட்சை, அதைக் கதைக்கக் கூடாது" என்பார். அவ்வளவுதான்.

வாழ்நாள் முழுக்க அடக்கிய சிரிப்பு எங்கேயாவது வெளியே வரத்தானே வேண்டும்?

விஜய் ரீவியில் சூப்பர் சிங்கர் 2006 இல் தொடங்கியது. அப்போது நாங்கள் பார்க்கவில்லை. அந்த ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை போரினால் மூடியபோது எங்களுக்கு அரிசி, மா, சவர்க்காரம் என்று வேறு கவலைகள் இருந்தன. 2009 இல் போர் முடிந்த பிறகு, வீட்டில் டிஷ் பூட்டியபின்தான் இந்தப் பழக்கம் வந்தது. முதல் தடவை அம்மா சிரித்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். சத்தமே வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் வைத்துவிட்டு, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க, ஒரு கையால் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நோவாக்கும் என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரையில் ஒரு தம்பி கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தான்.

அம்மாவோடு பார்த்தால் நீங்கள் பார்க்கிற மாதிரி இருக்காது. முதல் வரியிலேயே விரலை உயர்த்தி, "உவன் விழப்போறான், பாத்துக்கொண்டிரு" என்பார். நாங்கள் காத்திருப்போம். பல்லவி போகும். அனுபல்லவியும் ஒரு மாதிரிப் போகும். சரணத்தில் மேலே ஏறும் இடம் வந்ததும் குரல் கிழிந்து தொங்கும். எனக்கு இது மந்திரம் போலத் தெரிந்தது, பிறகுதான் அம்மா விளக்கினார். தேர்வு அறையில் பக்கவாத்தியம் இல்லாமல் பாட விடுவதுதான் அதிகம், சுருதி பிடித்துக் கொடுக்க ஆள் கிடையாது. பதற்றத்தில் மனிதன் தன் இயல்பான சுருதியைவிட மேலே தொடங்குவான். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று கணக்கிடுவார்கள். இரண்டு கட்டையில் பாட வேண்டியவன் நாலில் தொடங்கினால் கீழே இருக்கும்வரை பிரச்சினை இல்லை, தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது ஏணி வைத்தாலும் எட்டாது. இன்னும் சிலர் பாதியில் தங்களுக்கே தெரியாமல் சுருதியைக் கீழே இறக்கி, முடிக்கும்போது வேறு பாட்டுக்காரராக நிற்பார்கள். காது கேட்காமல் இல்லை. சுருதி பேதமே தெரியாதவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். "காது சொல்லுது, தொண்டை கேக்குதில்லை" என்பது அம்மாவின் கணிப்பு.

இதை வாசித்துவிட்டு "அடுத்தவன் அவமானத்தில் சந்தோசப்படுகிற குடும்பம்" என்று எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சட்டதிட்டம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பாடினால் அம்மா உடனே மாற்றச் சொல்வார். பாட வந்தவர் புத்தி சுகமில்லாதவர் போலத் தெரிந்தால், அல்லது யாரோ உசுப்பேத்தி அனுப்பியது போலத் தெரிந்தால், அதுவும் இல்லை. நிகழ்ச்சிக்காரர் கழுதைச் சத்தம், காகச் சத்தம் சேர்த்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். "அவன்ர சத்தம் போதும், உவையின்ர சத்தம் எங்களுக்கு வேண்டாம்." எங்களுக்குப் பிடித்தது ஒரேயொரு ரகம். தான் நன்றாகப் பாடுகிறேன் என்ற முழு நம்பிக்கையோடு, பவுடர் பூசி, மடிப்புக் குலையாத சேட்டோடு வந்து நிற்கும் வளர்ந்த மனிதன். இதில் கொடுமை எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அத்தோடு, இதை நாங்கள் கண்டுபிடிக்கவும் இல்லை. அமெரிக்காவில் 1930 களிலேயே மேஜர் போஸ் என்பவர் நடத்திய வானொலி நிகழ்ச்சியில், பாட்டுச் சரியில்லை என்றால் ஒரு பெரிய வெண்கலச் சேகண்டியில் அடித்து நிறுத்துவார்கள். சனம் அதைக் கேட்கவே வானொலிக்கு முன்னால் இருந்தது. 2004 இல் அமெரிக்கன் ஐடல் என்ற பாட்டுப் போட்டியில் வில்லியம் ஹங் என்ற எஞ்சினியரிங் மாணவர் வந்து ரிக்கி மார்ட்டினின் பாட்டொன்றைப் பாடி ஆடினார். நடுவர் சைமன் கவல் பாதியில் நிறுத்தினார். ஹங் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டதாகவும் வருத்தம் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். உலகமே சிரித்தது, அதே வருடம் அவருடைய இசைத்தட்டும் வந்தது. நான் அந்தத் துண்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது, "நல்ல பிள்ளை, முகத்தில பயம் இல்லை" என்று சொல்லி, திரும்பவும் போடச் சொன்னார். மாறாக, நடுவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருக்கும் த வொய்ஸ் நிகழ்ச்சியைக் காட்டினேன். 2010 இல் ஒல்லாந்தில் தொடங்கியது அது. அங்கே முன்பே வடித்தெடுத்து, ஓரளவு பாடத் தெரிந்தவர்களைத்தான் மேடைக்கு விடுகிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தானே பாடுகினம், பிறகென்னத்துக்கு நான் இருந்து பாக்கோணும்?" என்று எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

உண்மையில் எனக்கு இந்த நிகழ்ச்சிகளில் பார்க்க முடியாதது அழுகைதான். 2023 டிசம்பரில் அரியாலைப் பிள்ளை கில்மிஷா ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் முதலிடம் வந்தபோது யாழ்ப்பாணமே கொண்டாடியது, நாங்களும் கொண்டாடினோம். அந்தப் பிள்ளை பாடிய பாட்டுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவாக ஈழத்துப் பிள்ளை மேடையேறினால் பின்னணியில் வயலின் அழ வேண்டும், நடுவர் கண்ணைத் துடைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. எங்களில் ஒருவர் போய்ச் சும்மா மோசமாகப் பாடிவிட்டு, நாலு பேர் சிரிக்க, வீட்டுக்கு வர முடியாதா? அந்த உரிமையும் வேண்டும் என்கிறேன்.

அப்படி ஒருவன் போனான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதத் தொடங்கினேன்.

ஒரு தொலைக்காட்சி, பெயர் வேண்டாம், தேர்வு வைத்தது. அதை வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீலச் சேட்டோடு ஒருவன் வந்து நின்று கும்பிட்டான். முதல் வரி முடிவதற்குள் அம்மாவின் விரல் உயர்ந்துவிட்டது. பிறகு விரல் அப்படியே நின்றது. "தம்பி, உவன் என்னட்டைப் படிச்சவன்."

நான் ரிமோட்டைத் தேடினேன். இனி அம்மா கண்கலங்குவார் என்று நினைத்தேன். அம்மா சிரித்தார். இதுவரை பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற சிரிப்பு. "ஒன்பதாம் ஆண்டிலயும் இதே இடத்திலதான் விழுந்தவன்! இதே இடம்!" அந்தப் பிழையை அவர் பெயரோடு தெரிந்து வைத்திருந்தார். வகுப்பில் அடக்கி வைத்த அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருடம் கழித்துச் சிரித்தார் என்பது என் எண்ணம்.

அடுத்த நாள் அவனுடைய இலக்கத்தை யாரிடமோ வாங்கிப் பேசினார். அவன் இப்போது ஓட்டோ ஓடுகிறான்.

"ரீச்சர், பாத்தனீங்களோ?"

"ஓமடா."

"சிரிச்சனீங்களோ?"

"வயிறு நோகச் சிரிச்சனான்."

"அது பறவாயில்லை. எங்க பிழைச்சது ரீச்சர்?"

அம்மா தொலைபேசியிலேயே அவனை ஸ பிடிக்க வைத்தார். தன் இயல்பான சுருதிக்கு ஒன்றரைக் கட்டை மேலே தொடங்கியிருக்கிறான். அவனுக்குச் சிரித்தவர்களிடம் கோபம் இல்லை. கோபம் வேறு இடத்தில் இருந்தது. முதல் அறையில் இருந்த தயாரிப்பு ஆட்கள் அவன் பாடியதைக் கேட்டுவிட்டு, "சூப்பர், இப்பிடியே உள்ளே பாடுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெரிய போட்டிகள் பலவற்றில் இதுதான் நடைமுறை. ஆயிரக்கணக்கில் வரும் சனத்தை நடுவர்கள் கேட்பதில்லை, முன்னால் ஒரு குழு வடிக்கும். மிக நன்றாகப் பாடுகிறவர்களும் உள்ளே போவார்கள், மிக மோசமாகப் பாடுகிறவர்களும் போவார்கள், நடுவில் நிற்கும் சுமாரான பாட்டுக்காரர்தான் வெளியிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுவார். அப்படியிருக்க, ரீவியில் மட்டும் 'இவ்வளவு மோசமாகப் பாடிக்கொண்டு எப்படி நம்பிக்கையோடு வந்தான்' என்று காட்டுகிறார்கள். நீங்கள்தானேயடா அந்த நம்பிக்கையைக் கொடுத்தீர்கள்! காலையிலிருந்து ஒரு பிளேன்ரீ கூடக் கொடுக்கவில்லையாம். உங்கள் உறுத்தலை அந்த முதல் அறைக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்களிடம்தான் அது இருக்க வேண்டும்.

அவனுக்கு ஒன்பதாம் ஆண்டிலேயே சுருதியைச் சரிப்படுத்தியிருக்கலாம் என்று அம்மா இப்போதும் சொல்கிறார். எப்படிச் சரிப்படுத்துவது? சங்கீதப் பாடவேளை இருந்தால்தானே. தவணைப் பரீட்சை கிட்டினால் கணித சேர் வந்து வாசலில் நிற்பார், "ரீச்சர், இந்தப் பாடத்தை எனக்குத் தாங்கோ, சிலபஸ் முடியேல்லை." அடுத்த கிழமை விஞ்ஞான ரீச்சர். விளையாட்டுப் போட்டிக்காலம் வந்தால் சங்கீத அறை தடி, கொடி, வாளி வைக்கிற அறை. ஆனால் பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் இரண்டு கிழமைக்கு முன்னால் அதிபர் வருவார், வரவேற்புப் பாட்டு வேண்டும், பிரதம விருந்தினர் பெரிய ஆள், நல்லாச் செய்யோணும். கணிதம் படிப்பிக்கிறவரிடம் யாராவது பாடவேளையைக் கடன் கேட்பார்களா? கேட்டுப் பாருங்கள். பெற்றோரும் அப்படித்தான். சங்கீதத்தில் 'ஏ' எடுத்தால் "அது பாட்டுத்தானே" என்பார்கள். அதே பெற்றோர் இப்போது ரீவிக்கு முன்னால் இருந்துகொண்டு, எங்கட பிள்ளையள் ஏன் இந்தியப் பிள்ளைகள் மாதிரிப் பாடுகுதில்லை என்று கேட்கிறார்கள். இது உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாத விசயம், தெரியும். எழுதாமல் விட மனம் வரவில்லை.

நீங்கள் பாருங்கள், சிரியுங்கள். இயர்போனையும் கழற்றிவிடுங்கள்.

அந்த நீலச் சேட்டுக்காரனின் துண்டுக்கு இணைப்புக் கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள், தர மாட்டேன். அதற்குத் தேவையும் இல்லை. இணுவில் பக்கம் வந்து அவனுடைய ஓட்டோவில் ஏறினால், நீங்கள் கேட்காமலே போட்டுக் காட்டுவான். காட்டிவிட்டு, இப்போது சரியான சுருதியில் பாடியும் காட்டுவான். மருதனார்மடம் சந்தி தாண்டும் வரை நிறுத்த மாட்டான்.