அளக்கிற செயலி

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் வாரம் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. வீட்டு நாட்களில் ஊழியர்களின் ஈடுபாடு குறைவதாகத் தோன்றுகிறது. அதை அளக்க நல்ல செயலி எது? (மனிதவளத் துறை வாசகர்)

பதில்: 'அளக்க' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. துணியை அளப்போம், நிலத்தை அளப்போம், ஆனால் "சும்மா அளக்காதே" என்றால் கதை விடாதே என்று பொருள். நீங்கள் தேடும் செயலியில் இரண்டுமே நடக்கும். அது விசை தட்டுவதை எண்ணும், மவுஸ் நகர்கிறதா என்று பார்க்கும், ஆள் கணினி முன் இருப்பதாகக் காட்டப் பெயருக்குப் பக்கத்தில் வரும் பச்சைப் புள்ளி எத்தனை மணி நேரம் எரிந்தது என்று அறிக்கை தரும். மவுஸைத் தானாகவே ஆட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி ஒன்றும் விற்பனையில் இருக்கிறது, ஆள் எழுந்து போனாலும் புள்ளி பச்சையாகவே இருக்கும். செயலியும் அளக்கிறது, ஊழியரும் அளக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் நம்பாமல் போனது அவர் இல்லையே.

வேலையில் ஈடுபாடு என்ற பேச்சை ஆய்வுலகில் தொடங்கிவைத்தவர் வில்லியம் கான். 1990-இல் வெளியான கட்டுரைக்காக அவர் ஒரு கோடை முகாமிலும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திலும் ஆட்களைக் கவனித்தார், உட்கார்ந்து பேசினார். ஒருவர் தன்னை வேலைக்குள் கொடுக்க மூன்று வேண்டும் என்றார்: செய்வதில் அர்த்தம், மனதில் பட்டதைச் சொன்னால் வம்பு வராது என்ற தைரியம், கொடுப்பதற்கு ஆளிடம் மிச்சமிருக்கும் தெம்பு. அந்தத் தெம்பைத்தான் ஓயாமல் டிங் டிங் என்று வரும் செய்திகள் தின்கின்றன. கணினி முன் வேலை பார்ப்பவர்களின் கவனத்தை ஆராயும் குளோரியா மார்க் குழுவினர் 2008-இல் வெளியிட்ட சோதனையில், குறுக்கீடு வந்தவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. உங்கள் செயலிக்கு அந்த வேகம் தெரியும். எரிச்சல் தெரியாது.

சரி, வீட்டு நாட்கள்தான் காரணமா? டிரிப்.காம் என்ற சீனப் பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த சோதனை 2024-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களிடையே வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பணி மதிப்பீடு இறங்கவில்லை. ஆகவே வீட்டு நாட்களைக் குறை சொல்வதை விடுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் சாட்டில் கூப்பிடக் கூடாது என்று வையுங்கள். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி அனுப்பும் மேலாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவ்வளவு தூரம் பயணம் செய்து அலுவலகம் வந்தவரை ஹெட்போன் மாட்டி வீடியோ கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள், எதிர் இருக்கைக்காரரோடு பேசத்தானே வந்தார்.

அப்புறம், 'மனிதவளம்'. இந்தச் சொல்லோடு இதே பக்கத்தில் முன்பே சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். கனிமவளம், வனவளம் என்று எடுத்துத் தீர்க்கிறவற்றின் வரிசையில் மனிதரையும் வைத்துப் பெயர் சூட்டிவிட்டால், இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று அளக்கத்தான் கை போகும். உங்கள் அறைக் கதவில் 'பணியாளர் நலம்' என்று பலகையை மாற்ற முடியுமா என்று இயக்குநரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லும் பதிலை அடுத்த இதழில் போடுகிறேன்.