ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் ஓட்ட டர்போ கார் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரமான டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர், வேலை மாற்றலாகி ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவுக்குக் குடிபெயர இருப்பதாகவும், பெற்றோரைப் பார்க்க, இரு நகரங்களையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் அடிக்கடி வந்துபோக வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். டர்போ இல்லாத 1.5 லிட்டர் டொயோட்டா ஸ்டார்லெட், டர்போ உள்ள 1.0 லிட்டர் ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகிய இரண்டு பழைய கார்களில் எதை வாங்குவது என்பது அவருடைய கேள்வி. 'டர்போவுக்குத் தனிச் செலவு ஒன்றுமில்லை, அங்கே மலிவான 93 பெட்ரோலே போதும்' என்று தரகர் ஒருவர் உறுதி சொல்லியிருக்கிறாராம். 93, 95 என்பவை பெட்ரோலின் ஆக்டேன் எண்கள்; எண் கூடினால், நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் திறனும் கூடும்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். டர்போ இல்லாத எஞ்சின் வெளியில் கிடைக்கும் காற்றை அப்படியே இழுத்துக்கொள்கிறது. டர்போவோ, வெளியேறும் புகையால் சுழலும் சிறு சக்கரத்தைக் கொண்டு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஸ்டார்லெட்டின் 77 கிலோவாட் அங்கே 64 அளவுக்கு இறங்கிவிடும். தாளில் 70 கிலோவாட் மட்டுமே கொண்ட போலோ, அதில் பெரும்பகுதியை அங்கேயும் தக்கவைத்துக்கொள்ளும். அதன் முறுக்குவிசை, அதாவது எஞ்சின் அச்சைச் சுழற்றும் விசை, 175 நியூட்டன் மீட்டர், ஸ்டார்லெட்டுக்கு 138. அதுவும் போலோவில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்துவிடுவதால், குடும்பத்தோடும் பெட்டிகளோடும் வழியிலுள்ள வான் ரீனன்ஸ் மலைக் கணவாயில் ஏறும்போது வித்தியாசத்தை நன்றாக உணர்வீர்கள். டர்பனைவிட்டு நகராதவராக இருந்தால் உங்களுக்கு டர்போ தேவையில்லை என்றே சொல்லியிருப்பேன்.

பெட்ரோல் பற்றித் தரகர் சொன்னது பாதி உண்மை, ஆகவே ஆபத்தானது. உயரமான இடத்தில் காற்று லேசாக இருப்பதால், டர்போ இல்லாத எஞ்சினின் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது; பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடிக்கும் 'நாக்கிங்' என்னும் கோளாறு எளிதில் வருவதில்லை. அதனால்தான் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உயரமான உட்பகுதிகளில் 93 விற்கப்படுகிறது, ஸ்டார்லெட் போன்ற கார்கள் அங்கே அதில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் டர்போ அந்தக் காற்றுக் குறையை ஈடுகட்டுவதால், லெனேசியாவிலும் அதன் சிலிண்டருக்குள் இருப்பது ஏறக்குறைய கடற்கரை அழுத்தமே. ஆகவே கடற்கரையில் அதற்கு 95 வேண்டுமென்றால், அங்கேயும் 95 வேண்டும். 93 ஊற்றியதும் எஞ்சின் உடைந்துவிடாது; நாக்கிங்கை உணரும் கருவி, தீப்பொறி எழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் வலுவும் குறையும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், லிட்டருக்கு மிச்சம் பிடித்ததாக நினைத்த காசும் அதிலேயே போய்விடும். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கார்க் கையேட்டிலோ 93 போதும் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அதைத் தயங்காமல் ஊற்றலாம். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு பம்பிலும் எழுதி ஒட்ட ஒரு தாள்தான் தேவை; ஏன் எவரும் அதைச் செய்வதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

டர்போவின் ஆயுள் ஆயிலில் இருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரை சுழலக்கூடிய அந்த அச்சு, மெல்லிய ஆயில் படலத்தின்மீது மிதந்துதான் சுழல்கிறது. ஒரு சர்வீஸ் தவறினால்கூடப் பாதிப்பு அங்கேதான் முதலில் விழும். நீண்ட ஏற்றம் ஏறி, கணவாயைத் தாண்டியுள்ள ஹாரிஸ்மித் ஊரில் நிறுத்தும்போது, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது. சர்வீஸ் புத்தகத்தில் ஓர் இடைவெளி இருந்தாலும் அந்தப் போலோவை விட்டுவிட்டு ஸ்டார்லெட்டை வாங்குங்கள். வலு குறைந்தாலும் அது உங்களைக் கடனில் தள்ளாது. புத்தகம் முழுமையாக இருந்தால் போலோவே உங்கள் பயணத்துக்கு ஏற்றது.

இனி அந்தத் தரகர். தேய்ந்த டர்போவின் புகையையும் சத்தத்தையும் மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைப்பதும் வழக்கம். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். கார் சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லித் தரகர் நீட்டும் 'ரோட்வர்த்தி' சான்றிதழை எஞ்சினுக்கான சான்றாக நினைக்க வேண்டாம். பிரேக், விளக்கு, டயர், ஸ்டீரிங் ஆகியவற்றைச் சோதிக்கும் அந்தப் பரிசோதனையில் டர்போவின் அச்சு எவ்வளவு ஆடுகிறது என்று எவரும் பார்ப்பதில்லை. பழைய காரை வாங்கும் எளிய மக்கள் நம்பியிருக்கும் ஒரே அரசுத் தாள் இவ்வளவு அரைகுறையாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து, டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனைத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால், ஆறு மாதங்களுக்குள் அதைப் பழுதுபார்க்கவோ, மாற்றித்தரவோ, பணத்தைத் திருப்பித்தரவோ கேட்கும் உரிமையை அளிக்கிறது. 'உள்ளது உள்ளபடி' என்னும் பொருள்தரும் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று தாளில் எழுதிவிட்டதாலேயே வியாபாரி அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் தனியாள் ஒருவர் தம் சொந்தக் காரை விற்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால்தான் சில தரகர்கள், தாங்கள் வாங்கி விற்கும் காரையே முன்னாள் உரிமையாளரின் பெயரில் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். வியாபாரியின் பெயரிலேயே தாள் இருந்து, பிறகு டர்போ பழுதானால், முதலில் அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் தட்டிக்கழித்தால் அந்தக் கடிதத்தின் நகலோடு மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.